தெருவில் இறங்கினாலே நடுங்கும் நாய்: வாக்கிங் பழக்குவது எப்படி?

கேள்வி: 4 மாதங்களுக்கு முன் ஒரு காப்பகத்திலிருந்து 2 வயது நாட்டு நாயைத் தத்தெடுத்தோம். பெயர் மின்னி. வீட்டுக்குள் பரம சாது. வெளியே கூட்டிப் போனால் வாலைக் கால்களுக்கு நடுவே சொருகிக்கொள்கிறாள். பைக் வந்தாலோ, தெரு நாய் கண்ணில் பட்டாலோ வெறி பிடித்ததுபோல் குரைத்துக்கொண்டு பாய்கிறாள். 'நாலு அடி போட்டால் சரியாகிவிடும்' என்கிறார்கள் சிலர். 'தினமும் கூட்டத்துக்குள் இழுத்துப் போ, பயம் தெளிந்துவிடும்' என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்யட்டும்?
— வாசகி, மடிப்பாக்கம், சென்னை

அந்த இரண்டு யோசனைகளையும் முதலில் தள்ளி வையுங்கள். மின்னிக்குத் திமிரும் இல்லை, வெறியும் இல்லை. பயந்துபோயிருக்கிறாள். பயந்த நாய் முதலில் விலகி ஓடத்தான் பார்க்கும். பெல்ட்டில் கட்டியிருப்பதால் அவளால் ஓட முடியாது. எனவே எதிரே வருவதை விரட்டப் பார்க்கிறாள். பைக்காரர் தன் வேலையாகத் தாண்டிப் போகிறார். மின்னியின் கணக்கில், அவள் குரைத்ததால்தான் அது போனது. ஒரு நாளில் பத்து பைக் போனால் பத்து முறை அந்தப் பாடம் உறுதிப்படுகிறது. பழக்கம் தானாகத் தேயாமல் வளர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

அடித்தால் என்ன ஆகும்? பைக் வரும்போதெல்லாம் வலியும் வருகிறது என்று அவள் கற்றுக்கொள்வாள். இன்னொரு ஆபத்தும் உண்டு. உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய், உறுமாமல் நேராகக் கடிக்கும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, எந்த நாய்க்கும் வலியோ பயமோ தரும் பயிற்சி வேண்டாம் என்றே சொல்கிறது. கூட்டத்துக்குள் இழுத்துப் போவதும் இதே ரகம்தான். சில நாய்கள் அங்கே அசையாமல் நின்றுவிடும். பழகிவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் அது பயத்தில் உறைந்துபோய் நிற்கிறது.

பயிற்சிக்கு முன் ஒரு வெட்னரி டாக்டரிடம் காட்டுங்கள். தெருவில் வளர்ந்த நாய்களுக்கு வண்டியில் அடிபட்ட பழைய காயம், இடுப்பு வலி, காதுப் புண், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் சகஜம். உடம்பில் வலி இருக்கும் நாய் எதைப் பார்த்தாலும் சீக்கிரம் மிரளும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். வெறிநாய்த் தடுப்பூசி தவணை தப்பாமல் போட்டாகிவிட்டதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டு வாரம் வாக்கிங்கை நிறுத்துங்கள். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நாய் என்றால் தினமும் நடந்தாக வேண்டும் என்று நினைத்திருப்போம். ஆனால் ஒவ்வொரு மிரட்சியின்போதும் உடம்பில் ஏறும் பதற்ற ஹார்மோன்கள் உடனே இறங்கிவிடுவதில்லை. காலையில் தெரு நாய், மாலையில் குப்பை லாரி என்று அடுத்தடுத்து வந்தால் மின்னிக்குத் தணிய நேரமே கிடைக்காது. சிறுநீர், மலம் கழிக்க மட்டும் விடியற்காலையிலும் இரவு தெரு அடங்கிய பிறகும் காம்பவுண்டை ஒட்டிய ஒரு மூலைக்குக் கூட்டிப் போய் வாருங்கள். மீதி நேரம் வீட்டிலேயே அவள் மூக்குக்கு வேலை கொடுங்கள். பழைய துண்டைச் சுருட்டி, மடிப்புகளுக்குள் உலர் உணவை ஒளித்து வைத்துத் தேட விடலாம். மோப்பம் பிடித்துத் தேடும் நாய் மெல்ல மெல்லச் சாந்தமாகும்.

சாமான்கள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கழுத்துப் பட்டையில் பாய்ந்தால் தொண்டை இறுகும். மார்பில் ஒய் எழுத்து வடிவில் வந்து, தோள் அசைவைத் தடுக்காத ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டை) வாங்குங்கள். மிரண்ட நாட்டு நாய்கள் பின்பக்கமாக இழுத்து ஹார்னஸிலிருந்து நழுவுவதில் கெட்டிக்காரர்கள். அதனால் கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் ஒரு சிறு கொக்கியால் இணைத்துவிடுங்கள். பெல்ட் 2 முதல் 3 மீட்டர் நீளம் இருக்கட்டும். பட்டனை அழுத்தினால் நீளும் பெல்ட் இவளுக்கு ஆகாது.

இனி முக்கியமான விஷயம், தூரம். மின்னிக்கு உங்களால் கொடுக்க முடிந்த பெரிய மருந்து அதுதான். பைக்கைப் பார்த்தும் குரைக்காமல், உங்கள் கையிலிருந்து தின்ன முடிகிற தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். தெருவில் நின்று இதைச் செய்ய முடியாது. அப்பார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள், கேட்டிலிருந்து 30 அடி தள்ளி நில்லுங்கள். கேட் வழியே தெரு தெரிந்தால் போதும். வேகவைத்த சிக்கனைச் சுண்டு விரல் நகம் அளவுக்குப் பிய்த்து இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம்.

பைக் கேட்டைத் தாண்டுகிறது. மின்னி அதைப் பார்க்கிறாள். அவள் பார்த்த பிறகு ஒரு துண்டு, பைக் மறையும்வரை இன்னும் இரண்டு மூன்று துண்டுகள். மறைந்ததும் சிக்கனும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. நீங்கள் பதறிப்போய் முன்கூட்டியே சிக்கனை நீட்டினால், 'சிக்கன் வருகிறதா, அப்படியானால் ஏதோ வரப்போகிறது' என்று சிக்கனையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவாள். 5 நிமிடம் போதும். அவள் நன்றாக இருக்கும்போதே உள்ளே கூட்டி வந்துவிடுங்கள்.

அவள் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குரைப்பு வருவதற்கு வெகு முன்பே அடையாளங்கள் தெரியும். உதட்டை நக்குவாள், தூக்கம் இல்லாமலேயே கொட்டாவி விடுவாள், காது பின்னால் மடங்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும், வாயைச் சட்டென்று மூடிக்கொண்டு சிலைபோல் நிற்பாள். நான் அதிகம் நம்பும் அடையாளம் அவள் தின்னும் விதம். நிதானமாக எடுத்தால் தூரம் சரி. விரலோடு சேர்த்துப் பிடுங்கினால் பதற்றம் ஏறுகிறது. சிக்கனைத் திரும்பியே பார்க்கவில்லை என்றால் ரொம்பக் கிட்டே நிற்கிறீர்கள், உடனே பின்வாங்குங்கள். குரைக்கும்போது தீனி கொடுத்தால் குரைப்புக்குப் பரிசு ஆகிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். பயம் பரிசால் வளர்வதில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தேவை விலகல், அதைக் கொடுங்கள்.

சில வாரங்களில் ஒரு நாள், பைக்கைப் பார்த்ததும் மின்னி தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். 'பைக் வந்தாச்சே, சிக்கன் எங்கே?' என்ற பார்வை அது. அது வந்தபிறகுதான் கேட்டை நோக்கி இரண்டு மூன்று அடி முன்னேற வேண்டும். ஒரு நாள் பின்னடைவு வந்தால் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள்.

தெரு நாய்கள் கதை வேறு. பைக் தாண்டிப் போய்விடும், நாய் தாண்டிப் போகாது. அது தன் எல்லையைக் காக்கிறது. எந்த மூலையில் எந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு இருக்கும் என்று முதலில் நீங்கள் மட்டும் தனியாக நடந்து பார்த்து வாருங்கள். அவற்றுக்குச் சோறு வைப்பவர் யார் என்று விசாரித்துப் பேசிவிடுங்கள். எந்த நாய் சண்டைக்கு வரும், எது வாலாட்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பாடம் பழக்குங்கள். 'வா வா' என்று உற்சாகமாகச் சொல்லித் திரும்பி நடப்பது, கூடவே வந்தால் தீனி. ஹாலில் பல முறை விளையாட்டாகச் செய்தால்தான், மூலையில் நாய் தெரியும்போது அவளும் யோசிக்காமல் திரும்பி வருவாள். தெரு நாய் கிட்டே வந்தேவிட்டால் ஓடாதீர்கள். மின்னியை உங்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அந்த நாயின் முகத்துக்கு முன்னால் தரையில் இறைத்துவிட்டு மெல்ல விலகுங்கள். பெரும்பாலான நாய்கள் பொறுக்கத் தொடங்கிவிடும்.

உண்மையான வாக்கிங் தொடங்கியதும் பெல்ட் தளர்வாகவே இருக்கட்டும். நீங்கள் கையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் அவளுக்குப் போய்ச் சேரும். எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஒரே மின்கம்பத்தை 5 நிமிடம் மோந்தாலும் மோந்துகொள்ளட்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை, பாதுகாப்பான தெருவாக இருந்தால், அவளே முடிவு செய்யட்டும். தான் எடுத்த முடிவு பலிக்கிறது என்று பார்க்கப் பார்க்கத்தான் பயந்த நாய்க்குத் துணிச்சல் வரும். வெயில் நாட்களில் புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அவள் பாதத்தாலும் முடியாது. ஆடி மாதத்து மேளம், தீபாவளிப் பட்டாசு நாட்களில் பயிற்சியே வேண்டாம். வெளியே போய்வரும் வேலையைச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அவள் யாரையாவது கடிக்க முயன்றிருந்தால், கூண்டு வடிவ வாய்க்கவசத்தை வீட்டிலேயே தீனி வைத்துப் பழக்குங்கள். அதில் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக மூடும் துணிக் கவசம் சென்னை வெயிலில் ஆபத்து. யாருக்காவது பல் பட்டுவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதம் ஆகியும் வாசலைத் தாண்டினால் சிக்கனை மோந்துகூடப் பார்க்கவில்லை என்றால், டாக்டரிடம் பதற்றத்துக்கான மருந்து பற்றிக் கேளுங்கள். மருந்து கொடுப்பது தோல்வி இல்லை. பயம் சற்று இறங்கினால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்ற நிலையில் சில நாய்கள் இருக்கின்றன. ஃப்ளூவாக்செடின் போன்ற மருந்துகள் பலன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான தூக்க மாத்திரை எதையும் அவளுக்குக் கொடுக்காதீர்கள்.