வெளிநாட்டு அமைப்பில் சேர்ந்தால் பணம் வருமா?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். இன்க்ளூஷன் இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்பில் உறுப்பினராகச் சேரலாம் என்கிறார் நண்பர் ஒருவர். சேர்ந்தால் நிதி வருமா? எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு வேறு என்ன பயன்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நிதிக்காக மட்டும் என்றால் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினராவது வேறு, பணம் வாங்குவது வேறு. வெளிநாட்டிலிருந்து நன்கொடை என்று நூறு ரூபாய் வாங்குவதானாலும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பதிவு கேட்கும் சங்கம் பொதுவாக மூன்று வருடமாவது நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் மெயின் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் முதலில் வந்து சேரும். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒரு சங்கம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு சங்கத்துக்குக் கொடுக்கவும் வழியில்லை. அதனால் 'பெரிய அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துத் தரும்' என்று யார் ஆசை காட்டினாலும் நம்பாதீர்கள்.

சரி, பிறகு எதற்குச் சேர வேண்டும்? இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். 1960-ல் ஐரோப்பாவில் சில நாடுகளின் பெற்றோர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கியது இது. 'இந்தக் குழந்தையை ஏதாவது இல்லத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள், அடுத்த குழந்தையைப் பாருங்கள்' என்று டாக்டர்களே சொல்லி அனுப்பிய காலம் அது. அதைக் கேட்காத அம்மா அப்பாக்கள்தான் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியபோது, அதற்காக நியூயார்க்கில் போய் உட்கார்ந்து வாதாடியவர்களில் இவர்களும் உண்டு. இந்தியா அடுத்த வருடமே அதை ஏற்றுக்கொண்டது, அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் நம்முடைய 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நீங்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது எந்தச் சட்டத்தைக் காட்டுகிறீர்களோ, அதன் வேர் அங்கே இருக்கிறது. நான் சொல்லும் பயன் இதுதான். தனியாக நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிற ஒரு சங்கம், இதே பிரச்சினைக்கு வேறு ஊர்ப் பெற்றோர் என்ன வழி கண்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் நேரே அங்கே எழுத வேண்டியதில்லை. அதன் முழு உறுப்பினர்கள் பெரும்பாலும் தேசிய அளவிலான கூட்டமைப்புகள். நம் நாட்டில் பரிவார் இருக்கிறது, 1995-லிருந்து இயங்கும் பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பு, பெங்களூருவை மையமாகக் கொண்டது. முதலில் அதில் சேருங்கள். உங்கள் மொழி தெரிந்தவர்கள், உங்கள் அலுவலகச் சிக்கல் தெரிந்தவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். இந்த மாதிரி அமைப்புகள் அவனுக்கும் உதவுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அவனுக்கு வேண்டிய இடம் வேறு. டிஸ்லெக்ஸியாவில் எழுத்தைப் படிப்பதில்தான் சிக்கல், அறிவுத்திறனில் குறை என்று அர்த்தமில்லை. 2016 சட்டமும் இதற்குத் தனி வரையறை கொடுத்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல வருடங்களாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது, அங்கே கேளுங்கள். பரிசோதனையும் சான்றிதழும் தள்ளிப்போட வேண்டாம், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அது தேவைப்படும்.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, டவுன் சின்ட்ரோம். எங்கள் சங்கம் ஒரு சர்வதேச அமைப்பில் சேர விண்ணப்பிக்கப்போகிறது. அதற்காக அவள் பெயரைச் செயற்குழுவில் போடுகிறார்களாம், ஆனால் கூட்டத்துக்கு வர வேண்டாமாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். 'அதுக்கு என்ன தெரியும்' என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அந்தக் கையெழுத்தைப் போட விடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. விண்ணப்பத்தில் காட்ட ஒரு பெயர் வேண்டும், ஆள் வேண்டாம் என்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அவமானம்.

நியூசிலாந்தில் ராபர்ட் மார்ட்டின் என்று ஒருவர் இருந்தார். பிறக்கும்போதே மூளையில் அடிபட்டவர், ஒன்றரை வயதில் இல்லத்தில் விடப்பட்டவர். மேலே சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை உருவானபோது ஐ.நா.வில் போய்ப் பேசினார், 2016-ல் அதைக் கண்காணிக்கும் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. 2024-ல் காலமானார். அவருக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்க முடியுமா?

உங்கள் சங்கத்தில் செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, என்ன பேசப்போகிறோம் என்று பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு விஷயமாக எழுதி, பக்கத்தில் படம் ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். 'வேன் வாடகை கூடுகிறது' என்றால் வேன் படம், இப்போது கொடுக்கும் பணம், இனிமேல் கேட்கும் பணம், ரூபாய் நோட்டுப் படத்தோடு. அவளுக்குப் பிடித்தவர் யாராவது, முடிந்தால் நீங்கள் இல்லாமல் வேறொருவர், முதல் நாள் அவளோடு உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும். கூட்டத்தில் அவள் பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், நடுவில் நீங்கள் புகுந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது (அம்மாக்களுக்கு அதுதான் கஷ்டம்). இன்க்ளூஷன் இன்டர்நேஷனலும் டவுன் சின்ட்ரோம் இன்டர்நேஷனலும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும் கிட்டத்தட்ட இந்த மாதிரி ஏற்பாடுகளைத்தான் கேட்கிறது.

'கார்டியன் நீங்கள்தானே, நீங்களே முடிவெடுங்கள்' என்பார்கள். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்லும் காப்பாளர் முறை, காப்பாளரும் அவளும் சேர்ந்து முடிவெடுப்பது. அதையும் எடுத்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மகளிடம் கேளுங்கள், அவளுக்கு அந்தக் குழுவில் இருக்க ஆசையா என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், அடுத்த கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி கேட்டு செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், அதில் அவளே கையெழுத்துப் போடட்டும்.