சோதனையும் விழிப்பும்: கேள்வி பதில்

சோதனைக்கு எதிராக விழித்திருப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வேதபாடம் எடுக்கிறவன். போதகரும் இல்லை, மருத்துவரும் இல்லை. என் எல்லைக்குள் இருப்பதற்கு விரிவாகச் சொல்கிறேன். மற்றதற்கு யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன்.

ஐயா, ஸ்தோத்திரம். "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இயேசு சொன்னது தினசரி வாழ்க்கையில் எப்படி இருக்கும்? ராத்திரி கண்விழிப்பதா?

தம்பி, மத்தேயு 26ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்கிறார் பேதுரு. அதற்கு அப்புறம் கெத்செமனே தோட்டம். "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இயேசு சொன்னது அங்கேதான். அந்த நேரத்தில் பேதுருவுக்கு எதிரே எந்தச் சோதனையும் இல்லை. அமைதியான தோட்டம், பழகிய நண்பர்கள், தூக்கம். இயேசுவை அறியேன் என்று அவர் மறுதலித்தது பல மணி நேரம் கழித்து, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், ஒரு வேலைக்காரியின் கேள்வியில்.

முற்றத்தில் வந்த தோல்வி தோட்டத்திலேயே தொடங்கிவிட்டது. சோதனை எதிரே வந்து நிற்கும்போது நமக்குத் தெளிவு குறைவு. தெளிவு இருக்கும் நேரத்திலேயே காவலை வைத்துவிட வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

லூக்கா இன்னொரு விவரம் தருகிறார்: சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் (22:45). சோம்பேறித்தனம் என்று அவர் சொல்லவில்லை. மனபாரமும் உடல் களைப்பும் சேர்ந்தால் நல்லவர்களும் அசந்துபோவார்கள். தாவீதையும் பாருங்கள். அவர் பிறன் மனைவியாகிய பத்சேபாளோடு பாவத்தில் விழுந்ததைச் சொல்லும் 2 சாமுவேல் 11, அவளில் தொடங்கவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் தாவீது எருசலேமில் இருந்துவிட்டார், சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்தார், மாடியில் உலாவினார். இவற்றில் ஒன்றும் பாவம் அல்ல. ஆனால் எல்லாம் சேர்ந்து அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தின.

நீங்கள் கடைசியாக விழுந்ததை நினைத்துப் பாருங்கள். விழுந்த நிமிடத்தை விடுங்கள். அதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே இருந்தீர்கள்? யார் மேல் கோபம்? சரியாகச் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா? கையில் என்ன இருந்தது? இப்படிச் சில தடவை எழுதினால் உங்களுடைய மாடி எது என்று தெரிந்துவிடும். அதைக் காலையிலேயே பெயர் சொல்லி ஜெபத்தில் வையுங்கள், அப்புறம் அந்த வழியை மாற்றுங்கள். இரவில் போன்தான் பிரச்சினை என்றால் அதை வேறு அறையில் வைப்பதும் விழிப்பில் சேர்ந்ததுதான்.

அந்தத் தாளை நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ரகசியமாக இருக்கும் வரைக்கும் அது வளரும்.

கெட்ட எண்ணம் வந்தாலே பாவம் செய்துவிட்டேனா?

இல்லை. இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், பாவமில்லாதவராயிருந்தார் (எபிரெயர் 4:15). சோதிக்கப்படுவதே பாவமாக இருந்தால் இந்த வசனத்துக்கே அர்த்தம் இல்லை. யாக்கோபு 1:14-15இல் ஒரு வரிசை இருக்கிறது: இச்சை இழுக்கிறது, மனிதன் சிக்குகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவம் பிறக்கிறது, அது முற்றி மரணத்தில் முடிகிறது. எண்ணம் வந்து போவதற்கும், அதை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பதற்கும் நடுவில் நீங்கள் "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு எளிது.

கனவில் வந்தால்?

எழுந்ததும் கர்த்தரிடம் சொல்லிவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள். அதை நினைத்து நினைத்து ஆராய வேண்டாம்.

வேதம் வாசிக்க உட்கார்ந்தாலே ஒரு சலிப்பு. எழுந்து போய்விடலாம் போல இருக்கிறது. இதுவும் சோதனையா?

நல்ல கேள்வி, அம்மா. இச்சையைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்ற துறவி இருந்தார். மனதைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, மோகம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், பெருமை. பிற்பாடு போப் முதலாம் கிரகோரி இதை மாற்றியமைத்ததிலிருந்துதான் ஏழு பெரும் பாவங்கள் என்ற பட்டியல் வந்தது.

அந்த எட்டில் மிகவும் பாரமானது சலிப்பு என்றார் எவாக்ரியுஸ். காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரைக்கும் அது தாக்குமாம். சூரியன் நகராதது போல இருக்கும். துறவி ஜன்னலை எட்டிப் பார்ப்பார். இந்த இடம் சரியில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறு இடத்துக்குப் போனால் கர்த்தரை இன்னும் நன்றாகச் சேவிக்கலாம் என்று தோன்றும். எத்தனை பேர் சபை மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் சொன்ன மருந்து: அறையை விட்டு எழுந்து போகாதே, உன் ஆத்துமாவோடு வசனத்தால் பேசு. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று 42ஆம் சங்கீதக்காரன் தன்னிடமே பேசுகிறானே, அதுபோல. நீங்களும் வாசிக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குறித்த நேரம் முடியும் வரை எழும்பாதீர்கள். ஒரே சங்கீதம் போதும். சத்தமாக வாசியுங்கள்.

தினமும் எத்தனை மணி நேரம் ஜெபித்தால் சோதனை வராது?

அப்படி ஓர் அளவு கிடையாது. நாற்பது நாள் உபவாசம் இருந்த இயேசுவிடம்தான் பிசாசு வந்தான். சோதனையெல்லாம் முடித்த பின்பும் "சிலகாலம்" தான் விலகிப்போனான் என்று லூக்கா 4:13 சொல்கிறது.

சோதனை வரும்போது பிசாசைக் கட்டி ஜெபிக்க வேண்டுமா? என்ன வார்த்தைகள் சொல்ல வேண்டும்?

இதைப் பலர் கேட்டிருக்கிறீர்கள், எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சோதனையைப் பற்றி அப்போஸ்தலர்கள் எழுதிய நிருபங்களில் பிசாசோடு நீளமாகப் பேசச் சொல்லும் இடம் இல்லை. பிரதான தூதனாகிய மிகாவேலே "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்றுதான் சொன்னான் (யூதா 9). யாக்கோபு 4:7இல் முதலில் தேவனுக்குக் கீழ்ப்படிதல், அப்புறம்தான் எதிர்த்து நிற்பது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைச் சத்தமாகச் சொல்வதில் பயன் இல்லை. அரைமணி நேரம் பிசாசோடு பேசுகிறவர், தன் சுய இச்சையைப் பற்றி ஒரு நிமிடம் கர்த்தரோடு பேசுகிறாரா என்பதே என் கவலை.

நண்பர்கள் குடிக்கிற இடத்துக்கு நானும் போவேன். குடிக்காமல் திரும்பி வருவேன். போன வருஷம்தான் விட்டேன். இப்படி நின்று காட்டுவதால் விசுவாசம் பலப்படுகிறது. இது தப்பா?

போகாதீர்கள் தம்பி. "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்" (1 கொரிந்தியர் 10:12). நண்பர்களை வேறு இடத்தில், வேறு நேரத்தில் பாருங்கள்.

(ஊழியம் செய்யும் ஒரு சகோதரர்) இந்தப் பதிலை ஏற்க முடியவில்லை ஐயா. "எதிர்த்து நில்லுங்கள்" என்றுதானே யாக்கோபும் பேதுருவும் சொல்கிறார்கள்? ஓடச் சொல்வது பயத்தின் ஆவி இல்லையா?

சகோதரரே, ஓடச் சொன்னது நான் இல்லை, பவுல். வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள் (1 கொரிந்தியர் 6:18). விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள் (10:14). பண ஆசையைப் பற்றிச் சொல்லிவிட்டு, தேவனுடைய மனுஷனே, இவைகளை விட்டோடு (1 தீமோத்தேயு 6:11). பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடு (2 தீமோத்தேயு 2:22).

எங்கே ஓடச் சொல்கிறார், எங்கே நிற்கச் சொல்கிறார் என்று கவனியுங்கள். 1 பேதுரு 5:9இல் எதிர்த்து நிற்கச் சொன்ன அதே வசனம், உலகத்திலுள்ள சகோதரர்கள் படுகிற பாடுகளைப் பற்றிப் பேசுகிறது. விசுவாசத்தை விட்டுவிடு என்று நெருக்கம் வரும்போது ஓரடியும் பின்வாங்கக்கூடாது. இச்சையின் விஷயம் வேறு. அங்கே கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிடுகிற ஆள் நம்மிடமே இருக்கிறான். பக்கத்தில் நின்று அவனுக்கு நேரம் கொடுக்கக் கூடாது.

(அதே சகோதரர்) இயேசு வனாந்தரத்தில் ஓடவில்லையே, நின்று ஜெயித்தாரே?

அவர் ஆவியானவராலே கொண்டுபோகப்பட்டார் (மத்தேயு 4:1). தம்முடைய பலத்தை நிரூபிக்கத் தாமாகப் போகவில்லை. அங்கே வந்த இரண்டாம் சோதனையைப் பாருங்கள்: தேவாலயத்து உப்பரிகையின் மேலிருந்து குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள். வசனத்தைக் காட்டித்தான் பிசாசு அதைச் சொன்னான். இயேசு உபாகமம் 6:16ஐச் சொல்லி மறுத்தார்: தேவனைப் பரீட்சை பாராதே. விட்டு ஒரு வருஷமே ஆன குடிப்பழக்கத்தோடு, தேவன் காப்பார் என்று அந்த மேஜையில் போய் உட்காருவது எனக்கு அந்த உப்பரிகையாகவே தெரிகிறது. இயேசு குதிக்க மறுத்ததை யாரும் பயம் என்று சொல்லமாட்டார்கள்.

(ஒரு சகோதரி) அப்படியென்றால் வேலை, உறவு எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிவிட வேண்டியதுதானா?

இல்லை சகோதரி. சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டாமல், தீமையினின்று காக்கும்படிதான் இயேசு வேண்டிக்கொண்டார் (யோவான் 17:15). யோசேப்பு போத்திபாரின் வீட்டை விட்டுப் போக முடியாத அடிமை. போத்திபாரின் மனைவி அவரைப் பாவத்துக்கு அழைத்து நித்தம் நித்தம் பேசினாள்; அவரும் தினமும் வேலைக்கு வந்தார். ஆதியாகமம் 39:10இல், அவளோடு "இருக்கவும்" சம்மதிக்கவில்லை என்று இருக்கிறது. வேலையை விடவில்லை, அவளோடு தனித்திருப்பதைத் தவிர்த்தார். அவள் வஸ்திரத்தைப் பிடித்த அந்த ஒரு நாளில், அதை விட்டுவிட்டு ஓடினார். அதனால் சிறைக்கும் போனார். ஓடுகிறவனுக்கும் தைரியம் வேண்டும் என்று அந்தச் சகோதரருக்குச் சொல்லிக்கொள்கிறேன். இந்த விவாதத்தை இதோடு நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு ஜெபித்தால் அதிக வல்லமை உண்டா?

நேரத்தில் வல்லமை இல்லை. தூக்கம் கெட்டு, பகலெல்லாம் வீட்டாரிடம் எரிந்து விழுந்தால் அந்த எரிச்சலே அடுத்த சோதனை.

எத்தனை நாள் உபவாசம் இருந்தால் இச்சை போகும்?

ஜெப நேரம் பற்றிய கேள்விக்கு மேலே பதில் சொல்லியாயிற்று. அதேதான்.

ஆபீசில் பணம் என் கையில்தான் புழங்குகிறது. யாரும் சரிபார்ப்பதில்லை. இதுவரை எடுத்ததில்லை, ஆனால் எண்ணம் வருகிறது.

விழுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்காக ஸ்தோத்திரம். மேலதிகாரியிடம் போய், இன்னொருவரும் கணக்கைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை; இரண்டு கண் பார்ப்பதைவிட நான்கு கண் பார்ப்பது நல்லது என்றால் போதும். சீஷர்களின் பணப்பை யூதாஸ் ஒருவனிடமே இருந்தது, அவன் திருடனாயிருந்தான் (யோவான் 12:6). மறுபடியும் சொல்கிறேன், ரகசியத்தில்தான் இது வளரும்.

தேவனுக்கு விரோதமான அசிங்கமான வார்த்தைகள் தானாக மனதில் ஓடுகின்றன. நூறு தடவை மன்னிப்புக் கேட்டாலும் நிம்மதி இல்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஜெபிக்கிறேன். மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?

நீங்கள் விரும்பாமல், வெறுத்துக்கொண்டே இருக்கும்போது வருகிற எண்ணத்தை நீங்கள் செய்த தூஷணமாக நான் எண்ணவில்லை. இப்படித் துடிக்கிற மனது தேவனை விட்டு விலகின மனதும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் விதம், திரும்பத் திரும்பச் செய்தும் நிம்மதி வராமல் இருப்பது, மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒரு நோயாகவும் இருக்கலாம். தயவுசெய்து மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. பிற்பாடு இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, அறிக்கை செய்த பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கை செய்து, உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குத் தவித்தார். நீங்கள் தனி ஆள் இல்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இன்னும் அதிகமாக விழித்திருங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கு நான் சொன்ன தாளில் எழுதும் வேலையும் உங்களுக்கு வேண்டாம்.

மறுபடியும் விழுந்துவிட்டேன். ஜெபிக்கவே வெட்கமாக இருக்கிறது.

பேதுரு விழுவதற்கு முன்பே, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு சொல்லிவிட்டார் (லூக்கா 22:32). "எதிராளியாகிய பிசாசானவன் கெர்ச்சிக்கிற சிங்கம்போல்" சுற்றித்திரிகிறான், விழித்திருங்கள் என்று பிற்பாடு சபைகளுக்கு எழுதியதும் அந்தத் தோட்டத்தில் தூங்கின அதே பேதுருதான். வெட்கம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்கத்தோடே போங்கள், இப்போதே.

(ஒரு மனைவி) என் கணவர் ஆபாசப் படங்களில் சிக்கியிருப்பது தெரிந்தது. அவரே அழுது ஒத்துக்கொண்டார். தினமும் அவர் போனை நான் சோதித்துப் பார்க்கலாமா?

உங்கள் வேதனை புரிகிறது, அம்மா. தினமும் சோதிக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காவல்காரியாகவே ஆகிவிட்டால் மனைவியாக இருக்க இடமில்லாமல் போகும். அந்த வேலைக்கு அவரே ஒரு மூத்த சகோதரரைத் தேர்ந்தெடுக்கட்டும். வாரம் ஒருமுறையாவது அவரிடம் மறைக்காமல் பேசட்டும். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான்.

கலாத்தியர் 6:1 விழுந்தவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது. கூடவே "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்கிறது. உங்களுக்கு வரும் சோதனை கசப்பாக இருக்கலாம். கோபப்படுவது தப்பில்லை, அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். போதகரின் மனைவியிடமோ, வாயைக் காக்கத் தெரிந்த ஒரு மூத்த சகோதரியிடமோ இந்த வாரமே போய்ப் பேசுங்கள். உங்கள் கணவர் ஒத்துக்கொண்டதை மறுபடி மறைக்கத் தொடங்கினால் போதகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.