வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்தும் ஒன்பது நாள்

வெளிநாடுகளில் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் செவிலியர்கள், இல்லப் பணியாளர்கள் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அம்மக்களின் சமய விழாக்களைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். அங்குள்ள புனித மரியன்னை ஆலயத்துக்குத் தமிழ்த் திருப்பலிக்காகப் போவது வழக்கம். டிசம்பர் நடுவில், மாலை வேளைகளில், பிலிப்பைன்ஸ் மக்கள் வளாகம் கொள்ளாமல் நிற்பார்கள். கிறிஸ்துமஸ் வரை அந்தக் கூட்டம் குறையவே குறையாது. அது என்ன வழிபாடு? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நீங்கள் பார்த்தது சிம்பாங் கபி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒன்பது நாள் தொடர்ந்து நிறைவேற்றப்படும் நவநாள் திருப்பலி இது. பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை, பெரும்பாலும் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், ஊர் இருட்டில் இருக்கும்போதே ஆலய மணி அடித்துவிடும். ஸ்பானியர் ஆட்சியில், மணிலாவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே வணிகக் கப்பல்கள் ஓடிய காலத்தில் வேர்விட்ட வழக்கம். வெயில் ஏறுமுன் வயலில் இறங்க வேண்டிய உழவர்கள் வழிபாட்டை முடித்துக்கொண்டு நேரே வேலைக்குப் போகட்டும் என்பதற்காகவே அந்த நேரம் வைக்கப்பட்டது.

திருப்பலி முடிந்து வெளியே வந்தால் ஆலய வாசலில் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கலந்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டெடுக்கும் பிபிங்கா ஒரு பக்கம். ஊதா நிற அரிசியை மூங்கில் குழாயில் அவித்து, தேங்காய்த் துருவலும் வெல்லச் சர்க்கரையும் தூவித் தரும் புத்தோ பும்போங் இன்னொரு பக்கம். நம் குழாய்ப்புட்டைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்தவுடன் கை நீளும். கூடவே சலாபாத் என்னும் இஞ்சிக் கஷாயம். குளிருக்கு இதமான இந்தச் சிற்றுண்டியையும் சேர்த்துத்தான் அங்குள்ளவர்கள் சிம்பாங் கபியை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இனி, துபாயில் அது ஏன் மாலையில் நடக்கிறது என்பதற்கு வருவோம். மருத்துவமனையிலும் விடுதியிலும் கடையிலும் முறை மாற்றி வேலை செய்பவர்களால் விடியற்காலை மூன்று மணிக்கு ஆலயம் வர இயலாது. வளாகமோ தமிழ், மலையாளம், கொங்கணி, அரபு என்று பல மொழியினரும் நேரம் பகிர்ந்துகொள்ளும் இடம். ஆகவே வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பல ஆலயங்களில் டிசம்பர் 15 முதல் 23 வரை, மாலைத் திருப்பலியாக இதை நடத்துகிறார்கள். இதனால் மரபு கெட்டுவிட்டதாக வருந்துவோர் அவர்களுக்குள்ளும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உழைப்பவரின் நேரத்துக்கு இசைந்து கொடுப்பது இந்த வழிபாட்டின் பிறவிக் குணம். அன்று உழவருக்காக விடியற்காலைக்கு வந்தது, இன்று செவிலியருக்காக மாலைக்கு வந்திருக்கிறது. நேரத்தில் விட்டுக்கொடுப்பவர்கள் எண்ணிக்கையில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்பது நாளும் தவறாமல் வந்தால் நேர்ந்துகொண்டது நிறைவேறும் என்பது அவர்களது நம்பிக்கை. ஒரு நாள் பணிமுறை மாறிவிட்டால், தோழியிடம் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டாவது வந்து சேர்வார்கள்.

கேள்வி: அவர்கள் வீட்டு வாசலிலும் ஆலயத்திலும் தொங்கவிடும் நட்சத்திர விளக்கு, நாம் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் நட்சத்திரம்தானா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தோற்றத்தில் நெருங்கிய உறவு உண்டு. அவர்களது விளக்கின் பெயர் பாரோல். பழைய முறையில் செய்வதற்குப் பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்து சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம்; அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளில் இறுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். அதன்மேல் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டி, கீழ் முனைகள் இரண்டிலும் தாள் குஞ்சம் தொங்கவிடுவார்கள். முற்காலத்தில் உள்ளே ஒரு விளக்கை வைத்து, இருட்டில் ஆலயத்துக்குப் போகும் வழிக்கு வெளிச்சமாகப் பிடித்துச் சென்றார்கள். பம்பாங்கா மாநிலத்தின் சான் பெர்னாண்டோ நகரில் இது பெரும் கலையாகவே வளர்ந்து, ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் மாறிமாறி எரியும் இராட்சத பாரோல்கள் டிசம்பரில் போட்டிக்கு வருகின்றன.

வெளிநாட்டில் மூங்கில் எங்கே கிடைக்கும்? உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் புட்டி, பழைய துணிக் கம்பி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கட்டுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பிலிப்பைன்ஸ் மக்கள் நெடுங்காலமாக வாழும் தென்சந்தைப் பகுதியில் பாரோல் ஊர்வலமே நடக்கிறது.

கேள்வி: கத்தோலிக்கம் ஸ்பானியர் கொண்டுவந்து ஏற்றிய சமயம். தங்களை அடக்கி ஆண்ட அந்நியரின் சமயத்தையே தங்கள் இனத்தின் அடையாளமாகப் பிடித்துக்கொண்டிருப்பது முரண்பாடு அல்லவா? (வாசகர், மதுரை)

பதில்: நியாயமான கேள்வி; பிலிப்பைன்ஸ் அறிஞர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதுதான். 1521 ஏப்ரல் 14 அன்று, ஸ்பெயின் அரசுக்காகக் கடலோடி வந்த மகெல்லன், செபுத் தீவின் அரசர் ஹுமாபோனுக்கும் அரசிக்கும் திருமுழுக்கு ஏற்பாடு செய்து, அரசிக்குக் குழந்தை இயேசுவின் சுரூபம் ஒன்றைக் கொடுத்தார். பதின்மூன்று நாள் கழித்து, பக்கத்துத் தீவான மக்தானில், லாப்பு லாப்பு என்னும் தலைவரின் படையிடம் தோற்றுக் கொல்லப்பட்டார். 1565-இல் ஸ்பானியர் மீண்டும் வந்து ஊரைத் தீக்கிரையாக்கியபோது, எரிந்த வீடு ஒன்றில் அதே சுரூபம் சேதமின்றிக் கிடைத்தது. இடைப்பட்ட 44 ஆண்டுகள் அந்த மண்ணில் குருமார் எவரும் இல்லை. ஆனால் மக்கள் அந்தக் குழந்தையைத் தூக்கி எறியவில்லை. தங்கள் வழிபடு பொருள்களுள் ஒன்றாக அதை அவர்கள் பேணிவந்தார்கள் என்றே மரபு சொல்கிறது.

சாந்தோ நீன்யோ என்று அழைக்கப்படும் அந்தக் குழந்தைக்காகத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை செபுவில் சினுலோக் விழா நடக்கிறது. முன்னே இரண்டு அடி, பின்னே ஓர் அடி என்று ஆற்றின் ஓட்டத்தைப் போல் அசையும் அந்த நடனம், ஸ்பானியர் வருகைக்கு முன்பே இருந்ததாகச் சொல்கிறார்கள். பறையொலியும் உடலசைவும் அவர்களுடையவை. கையில் ஏந்தும் சுரூபம் வந்தவர் கொடுத்தது. செபு மக்கள் குடியேறிய நகரங்களில் எல்லாம், ஜனவரியின் கடுங்குளிரில் கூடப் பள்ளிக்கூட அரங்கையோ ஆலயக் கூடத்தையோ வாடகைக்கு எடுத்து அந்த அடிகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். அதே மக்கள் மகெல்லனை வீழ்த்திய லாப்பு லாப்புவையும் தங்கள் முதல் வீரராகக் கொண்டாடுகிறார்கள். கனடாவின் வான்கூவர் நகரில் 2025 ஏப்ரலில் அவர் பெயரால் நடந்த தெருவிழாவில் வாகனம் ஒன்று கூட்டத்தில் பாய்ந்து 11 பேர் உயிரிழந்த துயரத்தை வாசகர்கள் செய்தியில் படித்திருப்பீர்கள்.

சுரூபத்தைத் தந்தவரையும் அவரைக் கொன்றவரையும் ஒரே சமுதாயம் நெஞ்சில் வைத்திருப்பதை நான் முரண்பாடு என்று சொல்லமாட்டேன். வந்த சமயத்தை ஐந்நூறு ஆண்டுகள் தங்கள் அரிசியாலும் தங்கள் ஆட்டத்தாலும் தங்கள் மொழியாலும் நிரப்பிய பிறகு, அது யாருடையது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கே உரியது.

கேள்வி: பிலிப்பைன்ஸ் மக்கள் எல்லோரும் கத்தோலிக்கர்தானா? (மாணவர், திருச்சி)

பதில்: இல்லை. பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர். மிண்டனாவோவிலும் சூலு தீவுகளிலும் இஸ்லாமியர் பெருமளவில் வாழ்கிறார்கள். 1914-இல் தோன்றிய இக்லேசியா நி கிறிஸ்தோ என்னும் உள்நாட்டுத் திருச்சபையினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே இல்லை. சிம்பாங் கபி பிலிப்பைன்ஸ் அடையாளத்தின் பெரும்பகுதி என்றாலும், முழு அடையாளமும் அதுவே என்று எழுதுவது பிழை.

கேள்வி: ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரம் அட்டை விரித்து அமர்ந்திருக்கும் பெண்களின் படத்தைப் பார்த்து மனம் வருந்தியது. தங்குவதற்குச் சொந்த இடமே இல்லாதவர்கள் திருவிழாவை எப்படி நடத்துகிறார்கள்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஹாங்காங் சட்டப்படி இல்லப் பணியாளர் முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும், ஏழு நாளைக்கு ஒரு நாள் ஓய்வும் சட்டப்படி உண்டு. ஓய்வு நாளில் அந்த வீட்டில் இருந்தால் ஓய்வு கிடைக்காது. ஆகவே வெளியே வருகிறார்கள். நகரின் மையத்தில், வங்கிகளின் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, போக்குவரத்து நிறுத்தப்பட்ட சேட்டர் சாலையிலும் சுற்றியுள்ள நடைபாலங்களிலும் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தடுப்பு அமைத்து அமர்கிறார்கள். அருகிலேயே, கார்டன் சாலையில் உள்ள புனித சூசையப்பர் ஆலயத்தில் அன்று முழுவதும் திருப்பலிகள் உண்டு.

அந்தத் தெருவையே அவர்கள் ஊராக்கிக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஒரு வட்டமாக அமர்வது, ஒருத்தி சோறும் இன்னொருத்தி அடோபோ இறைச்சியும் கொண்டுவருவது, விழாச் செலவுக்கு மாதச் சந்தா பிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. மே மாதத்தில் நடக்கும் சாந்தாக்ருசான் பவனியை எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் புனித எலேனா திருச்சிலுவையைத் தேடிக் கண்டடைந்ததை நினைவுகூரும் ஊர்வலம் அது. பெண்கள் விவிலிய, வரலாற்று அரசிகளாக வேடமிட்டு, பூ வளைவுகளின் கீழ் நடந்து வருவார்கள். இறுதியில் வருபவள் ரெய்னா எலேனா, கையில் சிறு சிலுவையோடு. சொந்த ஊரில் அந்த வேடம் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் போய்விடும். ஹாங்காங்கில் ஆறு நாள் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தவள், ஏழாம் நாள் தானே தைத்த அங்கியோடும் கிரீடத்தோடும் அந்த அரசியாக நடக்கிறாள். அவளைப் பார்த்து வருந்த வேண்டாம் அம்மா. வருந்த வேண்டியது, பத்து ஆண்டு உழைத்த பிறகும் ஒரு கூரையின் கீழ் விழா எடுக்க இடம் தராத ஏற்பாட்டைப் பார்த்து.

கேள்வி: சவூதி அரேபியாவில் என்ன செய்வார்கள்? (வாசகர், கீழக்கரை)

பதில்: அங்கு தேவாலயங்கள் இல்லை, பொதுவெளியில் பிற சமய வழிபாட்டுக்கும் இடமில்லை. தங்குமிட அறைகளில் சிலராகக் கூடிச் செபிப்பதும், ஊர் ஆலயத்தின் திருப்பலியைக் கைபேசியில் காண்பதும்தான் வழி.

கேள்வி: வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகள் இவற்றைத் தொடர்வார்களா? (வாசகர், டொராண்டோ)

பதில்: எல்லோரும் தொடரமாட்டார்கள். தகலோகு மொழி போய்விட்டால் பாடல்கள் போகின்றன. பாடல்கள் போனால் ஒன்பது நாள் கூடுவதற்கான ஈர்ப்பும் குறைகிறது. ஆனால் நம்பிக்கை தரும் ஒன்றும் இருக்கிறது. 1974-இல் அதிபர் மார்க்கோஸின் அரசு தொழிலாளர் சட்டத்தின் வழியாக வெளிநாட்டு வேலையை ஊக்குவித்தபோது, அது தற்காலிக ஏற்பாடாகவே கருதப்பட்டது. 2013-ஆம் ஆண்டு அரசுக் கணக்கில் வெளிநாடுகளில் இருந்தோர் ஒரு கோடியே இரண்டு லட்சம் பேர். இத்தனை பேர் பரவியதால், விழாவும் தங்களுக்குள் முடங்காமல் குடியேறிய ஊரின் திருச்சபைக்குள் நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் பல மறைமாவட்டங்களில் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பங்கு ஆலயம் சிம்பாங் கபியை ஏற்று நடத்துகிறது. ரோமில் சாந்தா புதென்சியானா என்னும் தொன்மையான பேராலயம் பிலிப்பைன்ஸ் மக்களின் ஆன்மிக மையமாக இருக்கிறது. 2019 டிசம்பர் 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்திலேயே அவர்களுக்காக இத்திருப்பலியை நிறைவேற்றி, வேலைக்குப் போகும் இடமெல்லாம் விசுவாசத்தைக் கடத்திச் செல்பவர்கள் என்று அவர்களைப் பாசத்தோடு குறிப்பிட்டார். வீட்டுக்குள் மட்டும் இருக்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் எளிதில் உதறிவிடுவார்கள். ஊரே மதித்துப் பங்கெடுக்கும் வழக்கத்தை உதறுவது அவ்வளவு எளிதல்ல.

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண், டிசம்பரில் ஒன்பது நாளும் மாலையில் ஆலயம் போக அனுமதி கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் போதாதா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: போதாது அம்மா, முதல் பதிலில் சொன்னதுபோல் ஒன்பது என்பதில்தான் நேர்ச்சையே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு சிங்கப்பூரில் 2013 முதல் சட்ட உரிமை. இந்த ஒன்பது மாலைகள் அந்தக் கணக்கில் வாரா. உங்கள் மனத்தைப் பொறுத்தவை. போக வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். இரவுச் சமையலைச் சற்று முன்னதாக முடித்துக்கொள்ளவோ, அந்த ஒன்பது நாள் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளவோ இயலுமா என்று யோசியுங்கள். எந்த ஆலயம், எத்தனை மணி என்பதை டிசம்பர் தொடங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டு வேலைகளையும் அதற்கேற்ப அமைக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். டிசம்பர் 24 நள்ளிரவில் அவர் குடும்பம் நோச்சே புவேனா விருந்துக்கு அமரும். சிங்கப்பூருக்கும் மணிலாவுக்கும் நேர வேறுபாடு இல்லை. ஆகவே அங்கு பன்னிரண்டு மணி என்றால் உங்கள் வீட்டிலும் பன்னிரண்டு. அன்றிரவு உங்கள் வீட்டில் விருந்தினர் இருந்தால், அந்த ஒரு மணி நேரம் பரிமாறும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, அவர் பிள்ளைகளோடு கைபேசியில் பேச விடுங்கள்.