‘அது கம்பெனி விஷயம், எங்களுக்குச் சம்பந்தமில்லை’

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் எழுதியவை. மொழி சரியாக வராது, அங்கத்திய சட்டம் தெரியாது, கடை ஊழியரோ முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார் – எல்லாக் கடிதத்திலும் இதே பாட்டுதான். அதனால் இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். குளிரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஹாம்பர்க்கில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் 640 யூரோவுக்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். எட்டாவது மாதம் டிரம் சுற்றுவது நின்றுவிட்டது. கடைக்குப் போனால், “அது கம்பெனி விஷயம், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று ஒரு துண்டுத் தாளில் மின்னஞ்சல் முகவரியைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார் ஊழியர். ஆங்கிலம் தெரிந்தும் ஜெர்மனிலேயே பேசினார். கம்பெனி இதுவரை பதிலே போடவில்லை.

பதில்: அவர் எந்த மொழியில் பேசினார் என்பதை விடுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் அது தப்பு.

நீங்கள் பணம் கொடுத்தது கடையிடம். பில் கடையின் பெயரில். பொறுப்பும் கடைக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 வருடம் விற்றவரே பதில் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் வாரண்டி அட்டை வேறு, இது வேறு. அட்டை, கம்பெனி தானாக விரும்பித் தருவது. தராமலும் இருக்கலாம், ஆயிரம் நிபந்தனையும் போடலாம். விற்றவரின் பொறுப்பைச் சட்டம் விதிக்கிறது, கடை அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜெர்மனியில் 2022 ஜனவரி 1 முதல் விற்ற பொருளில், முதல் ஒரு வருடத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்றால் அதைக் கடைதான் நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு எட்டாவது மாதம்தானே ஆகிறது? நன்றாகவே உள்ளே இருக்கிறீர்கள்.

இந்தக் ‘கம்பெனியைப் பாருங்கள்’ விளையாட்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாங்கிய ஒரு வேக்குவம் கிளீனர் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு சக்கரம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்றால், பத்துப் பேரைத் துரத்தினால் பலர் அலுத்துப்போய் புதிதாக ஒன்றை வாங்கிவிடுவார்கள், சில சமயம் அதே கடையில். வெளிநாட்டுக்காரர் இன்னும் சீக்கிரம் அலுத்துப்போவார். சண்டை போட மொழி இல்லை, ‘இங்கே இப்படித்தான் போலிருக்கிறது’ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வார். எங்கேயும் அப்படி இல்லை. பிரிட்டனில் 2015ஆம் வருடத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறுள்ள பொருளை 30 நாளுக்குள் கடையிலேயே திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்கு அப்புறம் என்றால் ரிப்பேர் செய்யவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் சரிவரவில்லை என்றால் மறுபடி பணம். ஆஸ்திரேலியாவிலும் முதலில் மாட்டுவது விற்றவர்தான். கவுண்டரில் நிற்கும் பையன் இதையெல்லாம் படித்திருக்கமாட்டான், பாவம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சொல்கிறான். சொல்லிக்கொடுத்த மேலாளருக்கு நன்றாகத் தெரியும்.

இனி கடைக்குப் போய் நிற்காதீர்கள், எழுதுங்கள். வாங்கிய தேதி, பில் எண், என்ன கோளாறு, ரிப்பேரா மாற்றா எது வேண்டும், எந்தத் தேதிக்குள் – இவ்வளவுதான் கடிதம். ஜெர்மனில் எழுதுங்கள், தெரிந்தவர் யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கெடு கொடுத்து, அனுப்பியதற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் போடுங்கள். கெடு தாண்டினால் ஒப்பந்தத்தையே முறித்துப் பணத்தைக் கேட்கலாம். அப்படியும் மசியவில்லை என்றால் ஃபெர்பிராகர்செண்ட்ராலே என்ற நுகர்வோர் மையம் அங்கே 16 மாநிலத்திலும் இருக்கிறது. கொஞ்சம் கட்டணம் வாங்குவார்கள், ஆனால் கடைக்காரர்கள் மதிக்கும் பெயர் அது. ஊழியர் முகம் சுளித்ததைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கூட வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டு “உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம்” என்று பதில் போட்டு, மெஷினை மறந்துவிடுவார்கள்.

கேள்வி: பாரிஸில் துணிக்கடைக்குள் போய் “இது பெரிய சைஸில் இருக்கிறதா?” என்று கேட்டால் ஊழியர்கள் காது கேட்காதவர் மாதிரி நிற்கிறார்கள். எத்தனையோ கடையில் பார்த்துவிட்டேன்.

பதில்: உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர்’ சொன்னீர்களா? அங்கே வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டால் நீங்கள்தான் மரியாதை தெரியாதவர்.

கேள்வி: ஆம்ஸ்டர்டாமில் 180 யூரோவுக்கு ஒரு கோட் வாங்கினேன். வீட்டு வெளிச்சத்தில் நிறம் பிடிக்கவில்லை. நான்கு நாள் கழித்துக் கொண்டுபோனால், டேக்கை வெட்டிவிட்டீர்கள் என்று வாங்க மறுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 14 நாளுக்குள் எதையும் திருப்பித் தரலாம் என்று நண்பர்கள் சொன்னார்களே? வெளிநாட்டவர் என்பதால் ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. 14 நாள் என்பது ஆன்லைனிலோ தொலைபேசியிலோ வாங்கியதற்கு. பொருளைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறீர்கள் என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. நீங்கள் கடைக்கே போய், போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று வாங்கியிருக்கிறீர்கள். நேரில் வாங்கியதைக் கோளாறு இல்லாமல் திருப்பி எடுத்துக்கொள்வது கடையின் தயவு, அதற்குக் கடை என்ன நிபந்தனையும் வைக்கலாம். பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல், கத்தரிக்கோலை எடுத்து டேக்கையும் வெட்டிவிட்டு, இப்போது இனவெறி என்கிறீர்கள். அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்திருங்கள், உண்மையிலேயே தேவைப்படும் ஒருவரின் கடிதம் கீழே இருக்கிறது.

கேள்வி: லீட்ஸில் ஒரு கடிகாரக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கடிகாரத்தை எடுத்துக்காட்டச் சொன்னேன். “அது உங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்றார் ஊழியர். நான் விலையே கேட்கவில்லை. பின்னால் வந்த உள்ளூர்க்காரருக்கு அதே கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் வெளியே வரும்வரை காவலாளி கூடவே நடந்தார். புகார் செய்தால் ஏதாவது நடக்குமா, அல்லது விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். இதை ‘உதவாத ஊழியர்’ கணக்கில் சேர்க்காதீர்கள். பிரிட்டனில் 2010ஆம் வருடத்துச் சமத்துவச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். நிறம், குடியுரிமை, பூர்வீகம் இவற்றைக் காரணமாக வைத்து ஒருவருக்குப் பொருள் காட்ட மறுப்பதும், மற்றவரைவிடக் கேவலமாக நடத்துவதும் சட்டவிரோதம்.

இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், ஊழியரின் பெயர் அட்டையில் இருந்தது, அவர் சொன்ன வார்த்தை அப்படியே. கூட யாராவது இருந்தால் அவரையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதி விளக்கம் கேளுங்கள். உங்கள் உருவம் பதிவான சிசிடிவி காட்சியைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சீக்கிரம் கேளுங்கள், பல கடைகளில் சில வாரங்களில் அழித்துவிடுவார்கள். கவுண்டி நீதிமன்றத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்த நாளிலிருந்து 6 மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே மனு போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் சமத்துவ ஆலோசனை, ஆதரவுச் சேவையின் இலவச உதவித் தொலைபேசியில் பேசிவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பெர்லின் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் பொருள்களைத் துப்பாக்கி வேகத்தில் தள்ளுகிறார். பையில் போடுவதற்குள் அடுத்தவர் பொருளும் வந்து என் தக்காளியை நசுக்குகிறது. கேட்டால் முறைக்கிறார்.

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். அவர் தள்ளத் தள்ள அப்படியே தள்ளுவண்டியில் திரும்பப் போட்டுக்கொண்டு, பணம் கட்டி, சுவரோரம் இருக்கும் மேடையில் நிதானமாகப் பையில் அடுக்குங்கள். தக்காளியைக் கடைசியாக வையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. ஒரு வணிக வளாகத்தில் 1,100 டாலருக்கு போன் வாங்கினேன். கார்டைத் தேய்த்தபிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம்தான் வாரண்டிக்கு இன்னும் 700 டாலர் என்றார்கள். தராவிட்டால் போனும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு ஊழியர்கள் வழியை மறித்த மாதிரி நின்றார்கள். பயந்துபோய்க் கட்டிவிட்டேன். புகார் செய்தால் வேலைக்குப் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை, அம்மா. இது பழைய வித்தை. 2014இல் அங்கே சிம் லிம் ஸ்கொயரில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி 950 டாலருக்கு ஐபோன் வாங்கினார். வாரண்டி என்று மேலும் 1,500 டாலர் கேட்டார்கள். அவர் கடைக்குள்ளேயே மண்டியிட்டுப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. மறு வருடம் அந்தக் கடை உரிமையாளருக்கு 33 மாதச் சிறை. உங்களிடம் நடந்தது கிட்டத்தட்ட அதேதான்.

சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் என்று ஒன்று அங்கே இருக்கிறது. 20,000 டாலர் வரை கேட்கலாம், 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், ஆன்லைனிலேயே போடலாம். வக்கீல்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, ஆகவே கடைக்காரர் பெரிய வக்கீலைக் கூட்டிவருவாரோ என்ற கவலை வேண்டாம். நீங்கள் போடுவது குற்ற வழக்கு அல்ல, உங்களுக்கும் கடைக்கும் இடையிலான பணக் கணக்கு. கேஸ் எனப்படும் சிங்கப்பூர் நுகர்வோர் சங்கத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒரே கடையின் மேல் புகார் குவிந்தால்தான் அடுத்த நடவடிக்கைக்கு வழி பிறக்கும். கையெழுத்துப் போட்ட தாள், கார்டு ரசீது, வாரண்டி என்று தந்த காகிதம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கடைக்குத் தனியாகத் திரும்பிப் போகாதீர்கள்.

கேள்வி: நியூயார்க்கில் அலமாரியில் ஒரு விலை, பில்லில் அதைவிடக் கூட. கேஷியரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

பதில்: விற்பனை வரி. அமெரிக்காவில் அதை அலமாரி விலையில் சேர்ப்பதில்லை. வேண்டாம் என்றால் அந்த வரியே இல்லாத ஓரிகனில் குடியேறுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் கைபேசி ஒப்பந்தம் போட்டேன். ஊழியர் அவ்வளவு பணிவு! ஆனால் இருபது பக்கத் தாளில் என்ன இருக்கிறது என்று விளக்கவில்லை, எனக்கு ஜப்பானிய மொழி படிக்க வராது. இப்போது மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இன்சூரன்ஸ், வீடியோ சந்தா என்று என்னென்னவோ சேர்ந்திருக்கிறது. போய்க் கேட்டால் குனிந்து வணங்கி, முடியாது என்கிறார்கள்.

பதில்: படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊழியரின் பணிவைப் புகழ்கிறீர்கள். பணிவு அவருடைய வேலை. வாசிப்பது உங்களுடையது. தாளை வாங்கிக்கொண்டு “நாளைக்கு வருகிறேன்” என்று சொல்லியிருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. கைபேசி, இணையச் சேவை ஒப்பந்தங்களை 8 நாளுக்குள் விலக்கிக்கொள்ள ஜப்பானில் 2016 முதல் வழி இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை மாறும். சரியாக விளக்கவில்லை என்பதும் ஏற்கத்தக்க காரணம். அந்தக் கெடுவை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் மொத்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்யச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதனால்தான் முடியாது என்றிருப்பார்கள். இன்சூரன்ஸ் தனி, வீடியோ தனி என்று ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிக்கொண்டு போய், இதை மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மசியாவிட்டால் 188 என்ற எண்ணை அழுத்துங்கள், பக்கத்து நுகர்வோர் மையத்தோடு இணைத்துவிடுவார்கள். ஜப்பானிய மொழி பேசும் நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கேள்வி: வியன்னாவில் ஜிம்மில் சேரப் போனேன். என் வங்கிக் கணக்கு எண் லித்துவேனியாவைக் குறிக்கும் எழுத்துகளில் தொடங்குகிறதாம், ஆஸ்திரியக் கணக்குதான் வேண்டும் என்கிறார் வரவேற்பில் இருந்த பெண்.

பதில்: யூரோவில் கணக்கிலிருந்து எடுக்கும் கட்டணத்துக்கு, கணக்கு எந்த உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. 2012ஆம் வருடத்து ஐரோப்பிய ஒழுங்குமுறை 260 இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்த ஒழுங்குமுறையின் எண்ணைக் குறித்துக் கொடுத்து, மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் என்றதும் பெரும்பாலும் கணினி திடீரென்று ஒத்துக்கொள்ளும்.

கேள்வி: சார், சிட்னியில் படிக்கிறேன். வாங்கிய இரண்டாவது வாரமே லேப்டாப் செத்துவிட்டது. கடை ஊழியர் ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று சுவரில் இருக்கும் பலகையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பில்லும் தொலைந்துவிட்டது.

பதில்: தம்பி, அந்தப் பலகையைப் படம் எடுத்தாயா? ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு பலகை வைப்பதே நுகர்வோர் சட்டத்துக்கு விரோதம். இயங்கவே இயங்காத லேப்டாப் பெரிய கோளாறு. அதற்குப் பணமா, வேறு லேப்டாப்பா என்று முடிவு செய்வது நீதான், கடை அல்ல. பில் இல்லாவிட்டால் கார்டு அறிக்கை போதும், அதுவும் வாங்கியதற்குச் சான்றுதான். கடைக்கு எழுத்தில் கேள். மறுத்தால் உன் மாநில அரசின் நுகர்வோர் துறையான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார். புகாரோடு பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்பு.

கேள்வி: டொரன்டோவில் எது வாங்கினாலும் நீட்டிப்பு வாரண்டி எடுங்கள் என்று ஊழியர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். என் காபி மெஷினுக்கு எடுத்தேன். பம்ப் போனது. பம்ப் தவிர எல்லாவற்றுக்கும் வாரண்டி இருந்தது.