‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

கேள்வி: வயது 26. ஊர் தங்கச்சிமடம். விசைப்படகில் வேலை. தடைக்காலத்தில் வருமானம் இல்லாதபோது நண்பன் ஒருவன் மதுரையில் விந்து வங்கிக்குக் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்தார்கள், ஃபாரம் நிரப்பினேன், மாதிரி கொடுத்தேன். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் நான்கு வருடமாக ஏர்வாடியில் இருக்கிறான். வம்பு எதற்கு என்று ‘இல்லை’ போட்டுவிட்டேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? பிற்காலத்தில் அந்தக் குழந்தை உரிமை கேட்டு வந்து நிற்குமா?

பதில்: தம்பி, நிற்காது. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அது அந்தத் தம்பதியின் குழந்தை. உனக்கும் அதற்கும் உரிமை, உறவு எதுவும் கிடையாது. பெண்ணிடம் சொல்லிவிடு. கூட்டிப்போன நண்பன் கல்யாணத்துக்கு வருவான் அல்லவா, அவன் உளறுவதற்கு முன்பு சொல்.

சரி, அந்தக் கட்டத்துக்கு வருவோம். ‘வம்பு எதற்கு’ என்றாயே, யாருக்கு வம்பு?

உன் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள். நுண்ணோக்கியில் உயிரணுக்களை எண்ணுவார்கள். எந்தச் சோதனையிலும் உன் அண்ணன் தெரியமாட்டான். அதற்காகத்தான் பேனாவை உன் கையில் கொடுத்தார்கள். ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, தேவிபட்டினம் நவபாஷாணத்தைச் சுற்றி, கடைசியில் கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருத்தி உன் ‘இல்லை’யை நம்பப்போகிறாள்.

அண்ணனுக்கு வந்தது அந்தக் குழந்தைக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் வராது; வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் டாக்டர். நீ அல்ல.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். கூடப் பிறந்தவனை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டாய். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களுக்கும் வீட்டில் தம்பிகள் இருந்திருப்பார்கள், வம்பு எதற்கு என்று. நான்கு வருடத்தில் நீ எத்தனை முறை போய்ப் பார்த்தாய்? ராமநாதபுரத்தில் பஸ் மாறினால் ஏர்வாடி. 61 நாள் கரையில் சும்மா இருந்தவனுக்கு மதுரைக்கு வழி தெரிந்திருக்கிறது.

உறையவைத்த மாதிரியை ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து, கொடுத்தவரை மறுபடி ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது வங்கிகளின் வழக்கம். புதிதாகத் தொற்றிய எச்.ஐ.வி. முதல் சோதனையில் சிக்காமல் போகலாம், அதனால். ஆக, உனக்கு இன்னும் நேரம் இருக்கும். அவர்கள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, இந்த வாரமே போ. போகும்போது ராமநாதபுரத்தில் பஸ் மாறி முதலில் ஏர்வாடிக்குப் போ. தர்காவிலேயே இப்போது துவாவோடு மருந்தும் கொடுக்கிறார்கள். அண்ணனைப் பார்க்கும் டாக்டரிடம் என்ன நோய், என்ன மாத்திரை என்று எழுதி வாங்கிக்கொள். உன்னைச் சொல்லச் சொன்னால் ‘காத்துக் கருப்பு’ என்பாய். மாதிரி வேண்டாம், காசைத் திருப்பிக் கொடு என்றால் கொடுத்துவிட்டு வா.

அப்புறம், பெண் வீட்டில் அண்ணனைப் பற்றிச் சொன்னாயா? அதையும் நீ எழுதவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரை எந்த இடத்தில் போடுகிறாய் என்று, அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு வரி எழுது.