கினிப் பன்றிக்குச் சிறுநீர்ப்பைக் கல்: வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

கினிப் பன்றி வளர்ப்பவர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோயைப் பற்றிப் பேசுவதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு ஆண் கினிப் பன்றிக்கு நான்கு வயதாகிறது. சில நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் கூனிக்கொண்டு கீச்சிடுகிறான்; விரித்திருக்கும் துணியில் இரத்தக் கறையும் படுகிறது. எக்ஸ்ரேயில் பட்டாணி அளவுக்கு ஒரு கல் தெரிகிறது என்றும் அறுவை சிகிச்சைதான் வழி என்றும் இங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு கிலோகூட இல்லாத உயிரை எப்படி அறுப்பது என்று வீட்டில் எல்லோரும் தயங்குகிறார்கள். என் மாமியார், வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் கல் கரைந்துவிடும் என்கிறார். கொஞ்ச நாள் கொடுத்துப் பார்க்கலாமா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, கொடுத்துப் பார்க்க வேண்டாம். உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனிதருக்குச் சிறுநீரகத்தில் வரும் கல்லும் கினிப் பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் வரும் கல்லும் வேறு வேறு. நமக்கு வருபவை பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கற்கள். கினிப் பன்றிக்கு வருபவையோ பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கற்கள். மற்ற பல பாலூட்டிகளின் குடல், உடலுக்குத் தேவையான அளவு கால்சியத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சாணத்தோடு தள்ளிவிடும். கினிப் பன்றியின் குடல் உணவில் உள்ளதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தில் பெரும்பங்கு சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. தாவரங்களையே தின்னும் பிராணி என்பதால் அதன் சிறுநீர் எப்போதும் காரத்தன்மை கொண்டது. காரத்தன்மையுள்ள நீரில் கால்சியம் கார்பனேட் கரையாது, படியத்தான் செய்யும். பூனைகளுக்கு வரும் ஸ்ட்ருவைட் என்ற கல்லைத் தனி உணவு கொடுத்தே கரைத்துவிட முடிகிறது. அதைக் கேள்விப்பட்டவர்கள் இதற்கும் அப்படி ஒரு உணவு இருக்குமே என்று கேட்கிறார்கள். கார்பனேட் கல்லைக் கரைக்கும் உணவும் இல்லை, மருந்தும் இல்லை.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்காது என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வலியில் இருக்கும் பிராணியின் வாயில் சாற்றை வலுக்கட்டாயமாக ஊற்றும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, நீங்கள் காத்திருக்கும் நாட்கள். உங்களுடையது ஆண் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெண் கினிப் பன்றியின் சிறுநீர்த் தாரை, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய், குட்டையானது, அகலமானது. சிறிய கல் தானாகவே வெளியே வந்துவிடுவதும், தாரையின் முனைவரை வந்து நிற்கும் கல்லை மயக்க மருந்து கொடுத்து அறுக்காமலே எடுத்துவிடுவதும் உண்டு. ஆணின் தாரை நீளமானது, குறுகலானது. கல் நகர்ந்து அங்கே சிக்கிக்கொண்டால் சிறுநீர் முற்றிலும் அடைபடும். முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டும் வரவில்லை, வயிறு விறைத்திருக்கிறது, மூலையில் அசையாமல் குந்தியிருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அறுவையைப் பற்றிய தயக்கம் நியாயமானதுதான். நாய், பூனையைவிடக் கினிப் பன்றிக்கு மயக்க மருந்தால் வரும் ஆபத்து அதிகம். ஆயினும் ஐசோஃப்ளுரேன் என்னும் வாயு மயக்க மருந்தைக் கையாளும் வசதியும் முயல், கினிப் பன்றி போன்ற சிறு பிராணிகளில் பழக்கமும் உள்ள மருத்துவர் கிடைத்தால், சிறுநீர்ப்பையைத் திறந்து கல்லை எடுப்பது நன்கு நிலைபெற்ற சிகிச்சைதான். ஆகவே, ‘அறுவை வேண்டுமா, வேண்டாமா’ என்பதைக் காட்டிலும் ‘யாரிடம்’ என்பதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள். இதற்கு முன் கினிப் பன்றிக்கு அறுவை செய்திருக்கிறாரா, வலி மருந்து எத்தனை நாள் தருவார், கண் விழிக்கும்வரை உடற்சூட்டை எப்படிக் காப்பார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முந்தைய இரவு முழுவதும் பட்டினி போடச் சொன்னால் மட்டும் மறுபடி விசாரியுங்கள். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் நாய்க்குப் போடுவதுபோல் அதற்கு நீண்ட பட்டினி தேவையில்லை. அதன் குடலோ உணவில்லாமல் நெடுநேரம் இருந்தால் இயக்கத்தையே நிறுத்திவிடும். உங்கள் ஊரில் வசதி இல்லையென்றால் நாமக்கல்லிலோ, சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். எடுத்த கல்லை ஞாபகத்துக்காக டப்பியில் போட்டு வைத்துக்கொள்ளாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பெண் கினிப் பன்றி சிவப்பாகச் சிறுநீர் கழிக்கிறது. எங்கள் நாய்க்கு முன்பு எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருக்கிறது. தொற்றாகத்தான் இருக்கும் என்பதால் அதைக் குறைந்த அளவில் கொடுக்கலாமா?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: அந்தச் சிரப்பை இப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். அதனால் சில நாட்களிலேயே இறந்துவிடக்கூடும். அளவைக் குறைத்தால் ஆபத்து நீங்கிவிடாது. இந்தப் பிராணிக்கு என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா போன்ற பாதுகாப்பான மருந்துகள் உண்டு. எதை, எத்தனை நாள் என்பதைச் சிறுநீரைப் பரிசோதித்த பிறகு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொற்றாகத்தான் இருக்கும் என்று நீங்களாகவே தீர்மானித்ததும் சரியல்ல. பீட்ரூட் தின்றாலும் சிறுநீர் சிவக்கும். வயதான பெண் கினிப் பன்றிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வருவது மிகச் சாதாரணம். கருப்பைக் கோளாறால் கசியும் இரத்தமும் துணியில் சிறுநீரோடு கலந்துதான் தெரியும். கல்லா, தொற்றா, கருப்பையா என்பதைப் பிரித்தறிய எக்ஸ்ரேயும் ஸ்கேனும் தேவைப்படும். கால்சியம் கல் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பது இதில் ஒரு வசதி. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் இரத்தம் நின்று, நிறுத்தியதும் திரும்ப வந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் இன்னொரு சுற்று மருந்து எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள்.

கேள்வி: சிறுநீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி படிகிறது. பயப்பட வேண்டுமா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: மேலே சொன்ன கால்சியம்தான் அது. கலங்கலாக இருப்பது இயல்பு. காய்ந்த படிவை விரலால் தேய்த்துப் பாருங்கள். கோலமாவுபோல் நெருநெருவென்று தட்டுப்பட்டாலோ, ஈரமாக இருக்கும்போதே குழம்பாகத் திரண்டு வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். முகப் பவுடர்போல் வழுக்கினால் கவலையில்லை.

கேள்வி: கல்லை எடுத்து இன்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எதையும் தின்ன மறுக்கிறாள். என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? கல் மறுபடியும் வராமல் இருக்கக் கீரை, காய்களை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: இந்த நோயில் வீட்டார் செய்யக்கூடிய உண்மையான மருத்துவம் உணவூட்டுவதுதான். அறுவைப் புண்ணைவிட, தின்னாமல் கிடப்பதே இந்தப் பிராணியை வேகமாகக் கொல்லும். அரை நாளுக்கு மேல் வாயைத் திறக்கவில்லையென்றால் நாம்தான் ஊட்ட வேண்டும். இதற்கென்றே விற்கும் மீட்பு உணவுப் பொடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், வழக்கமாகத் தின்னும் பெல்லட்டை (சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த தீவனம்) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சின் நுனியைச் சற்று வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். பிராணியைத் துண்டில் சுற்றி மடியில் அமர்த்தி, மல்லாத்தாமல், முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுனியை வைத்துச் சிறிது செலுத்திவிட்டுக் காத்திருங்கள். தாடை அசைவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். ஒரு நாளுக்கு மொத்தம் எவ்வளவு என்பதை எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரவிலும் ஒரு வேளை வரும்படி பிரித்துக் கொடுங்கள்.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிலைமை மோசம் என்று பொருள். சாணம் சிறுத்துக் குறைந்தாலும், பல்லை நறநறவென்று கடித்தாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல்லைக் கடிப்பது பெரும்பாலும் வலியின் அடையாளம். எழுதிக் கொடுத்த வலி மருந்தைச் ‘சரியாகிவிட்டாள்’ என்று பாதியில் நிறுத்த வேண்டாம். நம் வீட்டு அலமாரியில் உள்ள வலி மாத்திரைகள் எதையும் கொடுக்கவும் வேண்டாம். முதல் சில நாட்கள் சிறுநீரில் லேசான இரத்தம் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. அடியில் மரத்தூள் போடாமல் பருத்தித் துணி விரித்து, நனைந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

இனி உணவு. உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. கால்சியத்தைக் குறைக்க வேண்டும் என்பது உண்மை. 100 கிராம் அகத்திக்கீரையில் 900 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையும் கால்சியம் மிகுந்ததே. சத்து என்று நாம் விரும்பிக் கொடுக்கும் இவ்விரண்டும் இனி வேண்டாம். குதிரைமசால் புல்லும், அதிலிருந்து செய்த பெல்லட்டும் வளரும் குட்டிகளுக்கும் சினைப் பிராணிகளுக்கும் உரியவை. வளர்ந்த கினிப் பன்றிக்கு ஆகாதவை. ஆனால் பச்சைக் காய்கறியை அடியோடு நிறுத்தினால் உடலில் சேரும் நீர் குறைந்துவிடும். நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட சிறுநீரில்தான் கல் வளரும். வெள்ளரிக்காய், குடைமிளகாய், சிறிதளவு கொத்தமல்லி ஆகியவற்றைக் கழுவி, ஈரத்தோடேயே கொடுங்கள். அருகம்புல்லும் திமோத்தி உலர்புல்லும் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். குடிநீர் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீராக இல்லாமல், நீங்கள் குடிக்கும் வடிகட்டிய நீராகவே இருக்கட்டும். பாட்டில் முனையில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதுண்டு என்பதால், நீர் சொட்டுகிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். மதுரைக் கோடையில் கூடவே ஒரு கிண்ணத்திலும் நீர் வைப்பது நல்லது.

வைட்டமின் சியையும் மறக்கக் கூடாது. மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் அதை உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நோயின்போது இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். நான்கைந்து துண்டு குடைமிளகாயே இதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரையை முழுசாகக் கொடுப்பது வேண்டாத வேலை. குடிநீரில் கலக்கும் சொட்டு மருந்து சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். சில கடைகளில் முயல் பெல்லட்டையே கினிப் பன்றிக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் இந்த வைட்டமின் சேர்க்கப்பட்டிருக்காது.

இவ்வளவும் செய்தாலும் கல் திரும்ப வரலாம். அதை வளர்த்தவரின் தவறாக எண்ண வேண்டாம். உடலின் அமைப்பே அப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதையே நான் சொல்லுவேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் கினிப் பன்றிக்கு ஆறு வயது. ஏற்கெனவே ஒருமுறை கல் எடுத்தோம். இப்போது மீண்டும் வந்திருக்கிறது, சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்கிறார்கள். மயக்க மருந்தைத் தாங்காதாம். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்வதைப் பற்றி மருத்துவர் பேசுகிறார். எங்களுக்கு மனம் வரவில்லை. ஒன்பது வயது மகளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.
(ஒரு தம்பதி, திருச்சி)

பதில்: கினிப் பன்றியின் ஆயுளே பொதுவாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள்தான். ஆறு வயது, மீண்டும் வந்த கல், பழுதான சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும்போது உங்கள் மருத்துவர் சொல்வதில் நான் பிழை காணவில்லை. இரண்டாம் அறுவை வேண்டாம் என்று முடிவெடுப்பது கைவிடுவதாகாது.

எப்போது என்பதுதான் கடினமான கேள்வி. இரை ஆகும் பிராணி என்பதால் கினிப் பன்றி வலியை மறைத்துக்கொள்ளும். அது வாய்விட்டுக் கத்துவதற்கு முன்பே வெகுநாள் பொறுத்திருக்கும். வலி மருந்து கொடுத்தும் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் கத்துகிறதா, பிரியமான உணவைக் காட்டியும் திரும்பிக்கொள்கிறதா, ஊட்டினால்தான் எடை நிற்கிறதா என்று பாருங்கள். இவை தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். தானாகவே போகட்டும் என்று விடுவது மனிதருக்கு ஆறுதலாக இருக்கலாம். அடைபட்ட சிறுநீர்ப்பையோடு இறப்பது மிகுந்த வேதனையானது. முறையாகச் செய்யும்போது முதலில் மயக்கம் வரச் செய்து, பிறகே ஊசி போடுவார்கள்; மயங்கிய பின் அதற்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் செய்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பிவிட்டோம், தூங்குகிறது என்று சொன்னால் அவள் காத்திருப்பாள். நோய் குணமாகாது, வலி அதிகம், டாக்டர் வலியில்லாமல் இறக்க உதவுவார் என்பதை ஒன்பது வயதுக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியும். முந்தைய நாள் விடைபெற அவளுக்கு நேரம் கொடுங்கள். ஊசி போடும் அறைக்குள் வர வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம், அவளே கேட்டால் மறுக்கவும் வேண்டாம்.

கூண்டில் இன்னொரு கினிப் பன்றி இருப்பதாகக் கடிதத்தின் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். இவை கூட்டமாக வாழும் பிராணிகள். துணையை இழந்தது சில நாள் உணவைக் குறைக்கக்கூடும் என்பதால் அதன் எடையையும் தினமும் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் அதே தீவனத்தையும் அதே தண்ணீரையும் உட்கொண்டதும் அதுதானே. அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் இந்த மாதமே அதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.