ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராதா?

கேள்வி: வயது 38, உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். எனக்கு வெறும் வயிற்றில் 98. பயமில்லைதானே?
– வாசகர், மதுரை

பதில்: 98 நார்மல்தான். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 24.2. ஐரோப்பியர்களுக்கு 25 வரை சரி; நமக்கு 23-லேயே கவனம் வேண்டும். அமெரிக்க நீரிழிவு சங்கம்கூட 2015-ல் அங்குள்ள ஆசிய வம்சாவளியினருக்குப் பரிசோதனை வரம்பை 23 ஆகக் குறைத்தது. அதே எடையில் நமக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். ஈரலில் சேரும் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது.

இடுப்பை அளந்து பாருங்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவர்களுக்கு பேன்ட் சைஸ் குறைத்தே காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், டேப்பை இறுக்காமல் பிடியுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை.

நம்மவர்களில் பலருக்கு முதலில் எகிறுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை. அதனால் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு, இட்லி சாப்பிட வேண்டும். அரிசியை நிறுத்திவிட்டுப் போனால் முடிவு தவறாக வரலாம். இரவு உணவுக்குப் பின் 8 மணி நேரமாவது வெறும் வயிறு. முதல் ரத்தம் கொடுத்ததும், 300 மி.லி. தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸை 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பிறகு 2 மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். காபி, சிகரெட், நடை எதுவும் கூடாது. வாந்தி வந்தால் இன்னொரு நாள்தான். அதன்பின் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140-க்குக் கீழே இருந்தால் நார்மல். 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முன்நிலை. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், மறுமுறை பார்த்து உறுதி செய்வார்கள்.

முன்நிலை என்று வந்தால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இந்தியர்களிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், நடையும் உணவு மாற்றமுமே ஆபத்தை ஏறத்தாழ 28 சதவீதம் குறைத்தன. கூடவே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

கேள்வி: ஹீமோகுளோபின் 8.9, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.6. மாத்திரை தொடங்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: அவசரப்பட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும். பழைய சிவப்பணுக்கள் அதிக நாள் ரத்தத்தில் தங்கி, அவற்றில் சர்க்கரை கூடுதலாக ஒட்டுவதே காரணம். ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மேலே சொன்ன குளுக்கோஸ் பரிசோதனையும் பார்த்து, அந்த முடிவோடு மருத்துவரிடம் போங்கள். சோகை சரியாகி மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி-யை மறுபடி பாருங்கள்.